பாடம் சொல்லும் கருவி யார் கையில்?

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-ல் திறந்த பிரம்மாண்டமான கட்டடம். தமிழக சர்க்காரின் கல்வித் தொலைக்காட்சிக்குப் பாடங்களைப் படம் பிடிக்கும் கூடம் அதற்குள்தான் இருக்கிறது. அதை அடுத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம். கொஞ்ச தூரத்தில் அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. கம்ப்யூட்டர் மூலமும் திரை மூலமும் பாடம் சொல்லும் வித்தைக்குத் தமிழ்நாட்டில் தலைநகரம் எது என்று கேட்டால், இந்த இரண்டு மைல் வட்டாரத்தைத்தான் காட்ட வேண்டும்.

அதே கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரை ஓரத்தில், உழைப்பாளி மக்களின் வாரியக் குடியிருப்புகளும் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய பகுதி அது. அங்கிருந்து பெண்கள் விடிந்ததும் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். ஆண்கள் தியாகராய நகர்க் கடைகளுக்கு மூட்டை தூக்கவும், ஆட்டோ ஓட்டவும், கட்டட வேலைக்கும் போகிறார்கள்.

நூலகத்திலிருந்து அந்தக் குடியிருப்புக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் 2020-ம் வருஷம் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, நூலகக் கட்டடத்தில் படம் பிடித்த பாடம் இந்த வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்ததா? வீட்டில் ஒரே செல்போன். ஊரடங்கு தளர்ந்ததும் அதை அம்மாவோ அப்பாவோ இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போயாக வேண்டும். வேலை கொடுப்பவர் கூப்பிட்டு எடுக்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. வகுப்போ காலை பத்து மணிக்கு. பிள்ளை சாயங்காலம் வரை காத்திருந்தது. போன் வீட்டுக்கு வந்தபோது வகுப்பு முடிந்துவிட்டது. போனில் பணமும் தீர்ந்துவிட்டது.

இதுதான் பிரச்னையின் சாரம். நல்ல கருவி இருந்தது, அதைச் செய்யத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அது யார் கையில் இருந்தது, யார் செலவில் நடந்தது, யாருடைய உழைப்பைத் தின்றது என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம்.

"கொரோனா போய் வருஷங்கள் ஆயிற்றே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நோய் போயிற்று. கருவி போகவில்லை. 2024 நவம்பரில் டில்லியில் காற்று விஷமானபோது, வகுப்பறையிலும் திரையிலுமாகப் பாடம் நடத்த உத்தரவு வந்தது. சென்னையில் மழைக்கு விடுமுறை என்றால் சில தனியார் பள்ளிகள் அன்றே செல்போனில் வகுப்பு வைக்கின்றன. வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வருகிறது. ஆசிரியரின் வருகைப் பதிவு செல்போனில் நடக்கிறது. ஆகவே இது பழங்கதையல்ல. நம் பிள்ளைகளின் நாளைய வகுப்பறையைப் பற்றிய விஷயம்.

நடந்தது என்ன?

2020 மார்ச் மத்தியில் தமிழகத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு. 10, 12 வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளி வாசலை மிதித்தது 2021 ஜனவரி 19-ல். மார்ச்சில் மீண்டும் கதவடைப்பு. 9 முதல் 12 வரை 2021 செப்டம்பர் 1-ல் திறந்தார்கள். 1 முதல் 8 வரை படிக்கும் சின்னஞ்சிறுசுகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் பள்ளி திறந்தது. ஏறத்தாழ 19 மாதம்! ஒன்றாம் வகுப்பில் "அ, ஆ" எழுதிக்கொண்டிருந்த குழந்தை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது.

இந்த 19 மாதத்தில் பாடம் எப்படி நடந்தது? மூன்று வழிகள்.

முதல் வழி, தொலைக்காட்சி. கல்வித் தொலைக்காட்சி கொரோனாவுக்கு முன்பே, 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. 2020 ஜூலை மத்தியிலிருந்து வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பினார்கள். பாடம் நடத்தியவர்கள் நம் சர்க்கார் பள்ளி ஆசிரியர்களே. இதை நாம் பாராட்டுகிறோம். ஏனென்றால் தொலைக்காட்சிப் பெட்டி ஏழை வீட்டிலும் இருக்கிறது, அதற்கு மாதாமாதம் டேட்டா வாங்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டி பேசும், பிள்ளை பேச முடியாது. "புரியவில்லை டீச்சர்" என்று கையைத் தூக்கினால் பெட்டிக்குத் தெரியாது.

இரண்டாவது வழி, பாடப் புத்தகத்திலேயே அச்சடித்த கட்டம் கட்டமான கறுப்புக் குறி. கியூ.ஆர். கோடு என்பார்கள். 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் இது இருக்கிறது. செல்போன் காமிராவை அதன்மேல் பிடித்தால், மத்திய சர்க்கார் 2017-ல் தொடங்கிய 'தீக்ஷா' தளத்திலிருந்து அந்தப் பாடத்தின் படம் ஓடும். நல்ல ஏற்பாடு. ஆனால் காமிராவும் இணையமும் உள்ள போன் வேண்டும்.

மூன்றாவது வழி, நேரடி இணைய வகுப்பு. ஜூம், கூகுள் மீட் என்ற கம்பெனிச் சாதனங்களில் ஆசிரியர் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம். தியாகராய நகரிலும் அடையாறிலும் பெரிய தனியார் பள்ளிகளில் இதுவே பிரதானம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கம்ப்யூட்டர், அறுபடாத இணையம் உள்ள வீடுகளுக்குத் தைத்த சட்டை இது. அதை எல்லோருக்கும் மாட்டப் பார்த்தார்கள்.

யாருக்குப் பொருந்தும் அந்தச் சட்டை? மத்திய சர்க்காரின் தேசிய மாதிரி ஆய்வே 2017-18-ல் கணக்கெடுத்தது. நாட்டில் கம்ப்யூட்டர் உள்ள குடும்பங்கள் கிராமத்தில் நூற்றுக்கு 4.4, நகரத்தில் 23.4. இணைய வசதி உள்ளவை கிராமத்தில் நூற்றுக்கு 14.9, நகரத்தில் 42. இந்தக் கணக்கு சர்க்காரின் அலமாரியில் இருந்தது. இருந்தும், எல்லார் வீட்டிலும் எல்லாம் இருப்பதுபோல் வகுப்புகள் ஆரம்பமாயின.

விளைவு என்ன? தாலிக்குண்டுமணி அடகுக் கடைக்குப் போயிற்று. மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் பழைய போனுக்குக் கிராக்கி. கிராமத்தில் விவசாயக் கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் சிக்னலைத் தேடி மேட்டுக்கும் மொட்டை மாடிக்கும் அலைந்தார்கள். வீட்டில் ஒரு போன், படிக்கிற பிள்ளைகள் இருவர் என்றால், எத்தனை இடத்தில் பெண் பிள்ளை விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று!

கல்லூரி மாணவர்களுக்காக 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு தருவதாகத் தமிழக சர்க்கார் அறிவித்தது. 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு என்று கணக்கு. அதே நியாயம் வேலைக்காரம்மாவின் ஐந்தாம் வகுப்பு மகளுக்கும் உண்டல்லவா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பள்ளிக்கூடம் பாடம் மட்டும் தரும் இடமல்ல, சோறு தரும் இடமும்தான். தியாகராய நகர் யார் பெயரால் அழைக்கப்படுகிறதோ, அந்தப் பிட்டி தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-ல்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மத்தியான உணவு தொடங்கியது. பசித்த பிள்ளை படிக்காது என்பதை நூறு வருஷங்களுக்கு முன்பே இந்த ஊர் அறிந்திருந்தது. பள்ளிகள் மூடியபோது அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் வேலையிழந்த வீட்டில் அந்த அரிசி எத்தனை வாய்க்குப் பங்கு போடப்பட்டிருக்கும்? திரை சோறு போடாது.

டீச்சரின் உழைப்பு எங்கே போயிற்று?

பிள்ளைகளின் துயரத்தைப் பற்றியாவது பத்திரிகைகள் எழுதின. ஆசிரியரின் உழைப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மில் தொழிலாளி தோழர்களே, நீங்கள் மில்லுக்குத் தறியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஸ்பிண்டில் முதலாளியுடையது, கரண்டும் முதலாளியுடையது, உங்களுடையது உழைப்பு. ஆனால் இணைய வகுப்பு நடத்திய ஆசிரியருக்கோ போன் அவருடையது, டேட்டா அவருடையது, வீட்டு மின்சாரம் அவருடையது, வீட்டின் ஒரு மூலையே வகுப்பறை. ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்து, கயிற்றால் போனைக் கட்டி, சுவரில் கரும்பலகை மாட்டிப் பாடம் நடத்தினார்கள். பிறகு இரவெல்லாம் வாட்ஸப்பில் வரும் நோட்டுப் பக்கங்களின் படங்களைக் கண் வலிக்கத் திருத்தினார்கள்.

2020 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 8-ம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு வகுப்புக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிஷம் என்று வரையறுத்தது. பிள்ளைகளின் கண்ணுக்கு வரம்பு வைத்தது சரி. ஆசிரியரின் வேலை நேரத்துக்கு எங்கே வரம்பு? இரவு பத்து மணிக்குப் பெற்றோர் அழைப்பார். பதினொரு மணிக்கு மேலதிகாரியின் செய்தி வரும். ஞாயிற்றுக்கிழமை படிவம் நிரப்பச் சொல்வார்கள். மில்லில் சங்கு ஊதினால் ஷிப்டு முடியும். செல்போனில் சங்கு கிடையாது.

பிறகு கலப்பு வகுப்பு வந்தது. எதிரே பெஞ்சில் இருபது பிள்ளைகள், திரையில் இருபது பிள்ளைகள், ஆசிரியர் ஒருவர். கரும்பலகைக்குத் திரும்பினால் திரைப் பிள்ளைகளுக்கு முதுகு தெரியும். திரையைப் பார்த்தால் கடைசி பெஞ்சு காலியாகும். இது உங்களுக்குப் புதிதா? இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார்க்கச் சொல்லி, "நவீன முறை" என்று பெயர் வைத்த கதைதானே இது? தறி இரட்டித்தது, கூலி இரட்டிக்கவில்லை.

தனியார் பள்ளி ஆசிரியர்கள் நிலைமை இன்னும் கொடுமை. 2020 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தனியார் பள்ளிகள் கட்டணத்தில் நூற்றுக்கு 75 பங்கைத் தவணைகளில் வசூலிக்க அனுமதித்தது. ஆனால் எத்தனையோ பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பாதிச் சம்பளம். சிலருக்கு அதுவும் இல்லை. காலையில் திரையில் கணக்குப் பாடம் சொல்லிவிட்டு, மாலையில் காய்கறி விற்றவர்களும் கூலி வேலைக்குப் போனவர்களும் உண்டு.

சர்க்கார் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் வந்தது. ஆனால் அவர் தலையில் வேறொரு பாரம் ஏறிற்று. 'எமிஸ்' என்ற கல்வி நிர்வாகத் தகவல் முறை. மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, கொடுத்த செருப்பு, கொடுத்த பை, பிள்ளையின் உயரம், எடை என்று எல்லாவற்றையும் ஆசிரியரே செல்போனில் ஏற்ற வேண்டியிருந்தது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது, ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் தேர்வைக்கூடப் போனில் பதிய வேண்டும் என்றார்கள். சர்வர் திணறும். வட்டம் சுற்றும். நாற்பது குழந்தைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், டீச்சர் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 27-வது பிரிவு என்ன சொல்கிறது? மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர, கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. செருப்பு எண்ணிக்கை எந்த ரகத்தில் சேரும்? இந்தப் பதிவு வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லித்தான் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கங்கள் கூட்டாகக் குரல் கொடுத்தன. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித் துறை வளாகம் அவர்களுடைய போராட்டங்களைக் கண்டிருக்கிறது. "வேலை செய்யச் சோம்பல்" என்று அவர்களை ஏசியவர்கள் உண்டு. உண்மையில் அவர்கள் கேட்டது, வேலை செய்ய விடுங்கள் என்பதுதான்.

கடை விரித்தவர்கள்

பள்ளி மூடியபோது சிலர் வீட்டில் விளக்கு எரிந்தது. பைஜூஸ் என்ற கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் 2019 முதல் அதன் பெயர் இருந்தது. 2020 ஆகஸ்டில் சுமார் 30 கோடி டாலர் கொடுத்து இன்னொரு கம்பெனியை வாங்கியது. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். "வகுப்பறையின் காலம் முடிந்தது, ஆசிரியர் இனி எங்கள் செயலிதான்" என்ற தோரணையில் விளம்பரங்கள் பறந்தன. பாடப் பொட்டலத்தைக் கடன் ஏற்பாட்டில் நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் தலையில் கட்டினார்கள் என்று நாடெங்கும் புகார் எழுந்தது.

முடிவு என்ன? 2022 அக்டோபரில் சுமார் 2,500 ஊழியர்களை வேலை நீக்கம் செய்யப் போவதாக அறிவித்தது. 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காகத் திவால் நடவடிக்கைக்குள் இழுக்கப்பட்டது. மாநகராட்சிப் பள்ளி ஓட்டுக் கட்டடமானாலும் நூறு வருஷம் நிற்கிறது. 2,200 கோடி டாலர்ப் பள்ளி இரண்டே வருஷத்தில் சாய்ந்தது. ஏன்? அது பள்ளியாகக் கட்டப்படவில்லை, பங்குச் சூதாட்டமாகக் கட்டப்பட்டது.

இலவசமாகத் தருகிறோம் என்பவர்களையும் கவனிக்க வேண்டும். இலவசம் என்றால் விலை வேறு வழியில் வாங்கப்படுகிறது என்று அர்த்தம். 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற உலக அமைப்பு 2022 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கொரோனாக் காலத்தில் 49 நாடுகளின் சர்க்கார்கள் சிபாரிசு செய்த 160-க்கு மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் பத்தில் ஒன்பது, பிள்ளைகளின் விவரங்களைக் கையாண்ட முறையால் அவர்களுடைய உரிமைக்கு ஆபத்தாக இருந்தன. பிள்ளை எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது என்பதெல்லாம் விளம்பர வியாபாரிகளிடம் போகிற சரக்காயிற்று. நம் 'தீக்ஷா' மட்டும் யோக்கியமா? பாதுகாப்பின்றித் திறந்து கிடந்த அதன் சேமிப்பில் லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் இருந்தன என்று 2023 ஜனவரியில் வெளியாயிற்று. பொதுச் சொத்து என்றாலும் கண்காணிப்பு இல்லாவிட்டால் கதவு திறந்த வீடுதான்.

யந்திரத்தின் மேல் கோபமா?

அப்படியானால் செல்போனையும் கம்ப்யூட்டரையும் தூக்கி எறியச் சொல்கிறோமா? இல்லவே இல்லை.

1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். அவர்கள் யந்திரத்தை உடைக்கக் கூடவில்லை. மத்தியானம் சாப்பிட நேரம் போதவில்லை, அதை நீட்டு என்றார்கள். மனிதனாக நடத்து என்றார்கள். யந்திரம் மனிதனின் மூளையும் கையும் செய்த பொருள். அது மனிதனுக்கு வேலை செய்ய வேண்டும், மனிதன் அதற்கு அடிமையாகக் கூடாது. வகுப்பறைக்கும் இதே நியாயம்தான்.

கருவியைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் உலகில் இல்லையா? சின்னஞ்சிறு கியூபாவைப் பாருங்கள். 1961-ல் இளைஞர்களும் தொழிலாளர்களும் கிராமம் கிராமமாகப் போய் ஒரே வருஷத்தில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு எழுத்தறிவித்தார்கள். நாற்பது வருஷங்கள் கழித்து, "ஆம், என்னால் முடியும்" என்ற பெயரில் 65 வீடியோ பாடங்கள் தயாரித்தார்கள். திரையில் பாடம் ஓடும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து எழுத வைப்பார். 2003-ல் வெனிசுலா இந்த முறையைக் கையாண்டு சுமார் 15 லட்சம் பேருக்கு எழுத்தறிவித்ததாக அறிவித்தது. 2006-ல் யுனெஸ்கோ இதற்குப் பரிசளித்தது. திரையும் ஆளும் சேர்ந்த கலப்பு வகுப்பு என்றால் இதுவல்லவா! கருவி மனிதனை வெளியேற்றவில்லை, மனிதன் கைக்கு வலுவூட்டியது.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் 2020 ஜூன் 1-ந் தேதியே விக்டேர்ஸ் தொலைக்காட்சியில் பாடங்கள் ஆரம்பமாயின. டி.வி.யோ இணையமோ இல்லாத பிள்ளைகள் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்று முதலில் எண்ணினார்கள். எண்ணிய பிறகு, வாசகசாலைகளும் தொழிலாளர், இளைஞர், மாணவர் அமைப்புகளும் டி.வி. சேகரித்துக் கொடுத்தன, பொது இடத்தில் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்தன. 'கைட்' என்ற அந்த மாநிலத்துப் பொது நிறுவனம், லைசென்ஸ் கட்டணம் கேட்காத சுதந்திர மென்பொருளைப் பள்ளிகளில் பழக்கி, ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து வளர்ந்தது. அங்கும் குறைகள் இருந்தன. ஆனால் இல்லாதவனை முதலில் எண்ணினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நமக்கும் அந்தப் பாரம்பரியம் உண்டு. 1990-களில் அறிவொளி இயக்கம். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபடியே எழுத்தும் கற்றார்கள். அங்கே கருவி சைக்கிள், பாடம் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெண். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் வட்டாரத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யிலும் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைத் தேற்றியவர்கள் தன்னார்வலர்களே. மாதம் 1,000 ரூபாய் என்ற அற்பத் தொகையைப் பெற்றுக்கொண்டு, பெரும்பாலும் பெண்களே, இந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் தொண்டுக்குத் தலை வணங்குவோம்; அவர்கள் உழைப்புக்கு அந்தக் கூலி போதாது என்பதையும் சொல்வோம்.

கணக்கும் இதையே காட்டுகிறது. கிராமப்புறப் பிள்ளைகளை ஆராயும் ஏசர் அறிக்கையின்படி, தமிழகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022-ல் ஐந்துக்கும் குறைவு. பள்ளி முறையாக நடந்த பிறகு, 2024-ல் அது 2018 அளவுக்கும் மேலே ஏறியது. திரையை மட்டும் நம்பியபோது விழுந்தது, ஆசிரியர் எதிரே வந்து நின்றபோது எழுந்தது. பத்து என்பதே நமக்கு வெட்கம் என்பது வேறு விஷயம்.

பணம் எங்கே என்பார்கள்

தமிழக சர்க்கார் 79,723 ஆரம்ப, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக் கணினி கொடுக்க 101 கோடியே 48 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. 2023-ல் 'மணற்கேணி' என்ற செயலியில் 6 முதல் 12 வகுப்புப் பாடங்களைத் தமிழில் இலவசமாகத் தந்தது. ஆரம்பப் பள்ளிகளில் பெரிய திரை வைக்கும் வேலையும் நடந்தது. இவற்றை வரவேற்கிறோம். ஆசிரியர் தம் சொந்தப் போனைத் தேய்த்த காலத்துக்கு இது மேல். ஆனால் ஒன்று கேட்போம்: அந்தக் கைக் கணினி பாடம் நடத்தும் கருவியா, ஆசிரியரை மேய்க்கும் கருவியா? காலையில் பாடம் காட்டவா, மாலைவரை புள்ளிவிவரம் ஏற்றவா? மில்லில் புதிய யந்திரத்தோடு புதிய மேஸ்திரியும் வருவது நமக்குத் தெரியும்.

மத்திய சர்க்காரின் காரியமோ விநோதம். "டிஜிட்டல் இந்தியா" என்று முழங்குகிறது. ஆனால் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25-ல் தமிழகத்துக்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. அந்தத் திட்டத்தில்தான் சிறப்பு ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் சம்பளம், ஏழைப் பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணம் எல்லாம் அடக்கம். வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. நம் வரிப்பணத்தை நமக்குத் தர நம்மிடமே கையெழுத்துக் கேட்கிறார்கள்!

நமது கோரிக்கைகள்

ஒன்று. பாடம் நடத்தத் தேவையான கருவியும் இணையமும் பள்ளியின் செலவில், பள்ளியின் சொத்தாக இருக்க வேண்டும். ஆசிரியரின் சொந்தப் போன் அவருடைய சொந்தக் காரியத்துக்கு மட்டுமே. இது தனியார் பள்ளிக்கும் பொருந்த வேண்டும்.

இரண்டு. வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்புக்கும் செய்திக்கும் பதில் சொல்லாமலிருக்க ஆசிரியருக்கு உரிமை வேண்டும். திரை வகுப்பும் நேர் வகுப்பும் ஒரே சமயத்தில் ஒருவர் தலையில் விழக் கூடாது.

மூன்று. பதிவேற்றும் வேலைக்குத் தனி ஊழியர் நியமிக்க வேண்டும். படித்து வேலையில்லாமல் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது வேலையாகவும் அமையும். காலி ஆசிரியர் இடங்களை முதலில் நிரப்ப வேண்டும். திரை மாட்டிவிட்டோம் என்று ஆசிரியரைக் குறைப்பதை அனுமதிக்க முடியாது.

நான்கு. பாடம் தமிழில், நம் ஆசிரியர்கள் தயாரித்ததாக, கட்டணமில்லாத சுதந்திர மென்பொருளில் இருக்க வேண்டும். சென்னை சி-டாக் நிறுவனம் 2007-லேயே 'பாஸ்' என்ற சுதந்திர மென்பொருளைச் செய்து காட்டியிருக்கிறது. திறமைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளின் விவரம் எந்தக் கம்பெனிக்கும் போகக் கூடாது.

ஐந்து. வீட்டில் இடமும் கருவியும் இல்லாத பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் வேண்டும். கோட்டூர்புரம் ஆற்றங்கரைக்கு, மயிலாப்பூர்க் கால்வாய் ஓரத்துக்கு, நொச்சிக்குப்பத்துக்கு, நகருக்கு வெளியே தூக்கியெறியப்பட்டவர்களின் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும், ஒவ்வொரு கிராமத்துச் சேரிக்கும். நாலு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, பாடம் சொல்ல முறையான சம்பளத்தில் ஒரு ஆள். இது பெரிய கோரிக்கையா?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, இதையெல்லாம் ஆசிரியர் சங்கம் மட்டும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளை படிக்கும் சர்க்கார் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருகிற இடமல்ல அது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம் காலி? வந்த கம்ப்யூட்டரில் எத்தனை ஓடுகிறது? நம் டீச்சர் நாளைக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடத்துகிறார், எத்தனை மணி நேரம் போனில் பதிகிறார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் கேளுங்கள்.

டீச்சர் இரவு பதினொரு மணிக்குப் போன் எடுக்கவில்லை என்றால் கோபிக்காதீர்கள். அவரும் உங்களைப் போல ஷிப்டு முடிந்து அலுத்த தொழிலாளிதான். அவருடைய கோரிக்கைக்கு நீங்கள் நில்லுங்கள், உங்கள் பிள்ளைக்கு அவர் நிற்பார்.

கோட்டூர்புரத்தில் நூலகத்துக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே உள்ள தூரம் சில நூறு கஜம். அந்தத் தூரத்தை எந்தச் செயலியும் தானாகக் கடக்காது. ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து நடந்தால் பத்து நிமிஷம் போதும். நடப்போம்!